சொகுசுக் கப்பலில் முதல் பயணமா? எங்கள் வீட்டில் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு அம்மா அப்பாவை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனபோது, மூன்று நாளும் பஃபேயிலேயே சாப்பிட்டோம். அம்மா சுத்த சைவம். ரொட்டி, பழம், தயிர், உருளைக்கிழங்கு என்று ஒப்பேற்றினார். கடைசி இரவு லிஃப்டில் சேலத்துக் குடும்பம் ஒன்றோடு பேச்சு வந்தது. அவர்களுக்குத் தினமும் ராத்திரி பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பருப்பு, சாதம், சப்பாத்தி, காய்கறிக் குழம்பு எல்லாம் மேசைக்கே வந்ததாம். தனியாகப் பணம் ஏதும் இல்லை. முதல் நாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "கேட்டிருந்தா நமக்கும் குடுத்திருப்பாங்களாப்பா?" என்று அம்மா கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது.

பெரிய கப்பல்களில் நல்ல விஷயங்களில் பெரும்பகுதி டிக்கெட் காசுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அவை தானாக உங்களைத் தேடி வராது. சிலவற்றைக் கேட்க வேண்டும், சிலவற்றை முன்பதிவு செய்ய வேண்டும், சிலவற்றுக்குச் சரியான நேரத்தில் போக வேண்டும். அதற்குப் பிறகு பலமுறை போய்வந்துவிட்டேன். பார்த்தவரை, ஏமாற்றத்தோடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டவர்கள்தான்.

கப்பலின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்கள் பல சிங்கப்பூரிலிருந்து ஓடியிருக்கின்றன. 2015இல் வந்த ஆந்தம் ஆஃப் தி சீஸ் அந்த வகைதான்: 348 மீட்டர் நீளம், 16 தளங்கள், நிறைந்தால் 4,900 பயணிகள். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன ஐகான் ஆஃப் தி சீஸ் 7,600 பேர்வரை ஏற்றும். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும், ஒரே நேரத்தில் நீச்சல் குளம் நினைவுக்கு வரும். பாதித் தவறுகளுக்குக் காரணம், கூட்டம் போகும் நேரத்தில் நாமும் போவதுதான்.

ஏறிய முதல் ஐந்து மணி நேரம்

முதல் நாள் மதியம் எல்லாரும் நேராகப் பஃபேக்கு ஓடுகிறார்கள். தட்டை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைகிறார்கள். அதே நேரத்தில் கீழ்த் தளங்களில் உள்ள சிறிய உணவகங்கள் காலியாகக் கிடக்கும். குவாண்டம் வகைக் கப்பல்களில் சொரென்டோஸ் என்ற பீட்சா கடையும், கப்பலின் பின்கோடியில் உள்ள டூ செவன்டி என்ற அரங்கை ஒட்டிய கஃபேயும் டிக்கெட்டுக்குள் அடங்கியவை. அங்கே நிதானமாகச் சாப்பிடலாம்.

பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும், சில சமயம் ராத்திரிகூட. நீச்சல் உடை, மாத்திரை, குழந்தையின் மாற்றுத் துணி இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாள் வீண். உண்மையில் குளமும் சறுக்கும் காலியாக இருக்கும் நேரம் அந்த மதியம்தான்.

பாதுகாப்புப் பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் சர்வதேச விதி மாறியது. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் காணொளியைப் போனிலேயே பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் நீங்கள் வந்து கூட வேண்டிய இடத்துக்குப் போய்க் கேபின் அட்டையைக் காட்டினால் போதும். ஏறியதும் முடித்துவிடுங்கள். தாத்தா பாட்டியை நடத்தியே அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அது கேட்டால் எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் முன்பதிவு. கப்பல் ஆப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இரவுக் காட்சிகள் பலவற்றுக்கு இருக்கை பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. மூன்று இரவுப் பயணத்தில் ஒரு காட்சி ஒன்றிரண்டு தடவைதான் நடக்கும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அந்த நாளை வரவே வராது. பதிவு செய்தபின் கடைசி நிமிடத்தில் போய் நிற்காதீர்கள். காலியாக இருக்கும் இருக்கைகளை வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் இழக்கிறோம்

பஃபே மோசம் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் பஃபேயில் இந்திய உணவுக்குத் தனி இடமே இருக்கும். காலையில் சில நாள் தோசை, சாம்பார்கூடக் கிடைக்கும். ஆனால் அதுதான் கப்பலின் சாப்பாடு என்று நினைத்துவிடுவது பெரிய இழப்பு.

பிரதான சாப்பாட்டுக் கூடம் என்று ஒன்று உண்டு. வெள்ளை விரிப்பு, பெரிய மெனு, பரிமாற ஆள். அதைப் பார்த்ததும் இது தனிக் காசு என்று நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இல்லை, அது உங்கள் டிக்கெட்டுக்குள் இருப்பதுதான். தொடக்கம், முக்கிய உணவு, இனிப்பு என்று மூன்று சுற்று வரும். இரண்டு தொடக்கம் வேண்டுமா, கேளுங்கள். முக்கிய உணவில் இரண்டைக் கொண்டுவரச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள வேண்டுமா, கேளுங்கள். கூடுதல் கட்டணம் உள்ள ஒன்றிரண்டு ஐட்டங்கள் இருந்தால் மெனுவிலேயே விலையோடு போட்டிருக்கும். மற்றது எல்லாம் நீங்கள் ஏற்கனவே கொடுத்த காசு.

சைவம், ஜைனம், ஒவ்வாமை எதுவானாலும் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். முதல் இரவு தலைமை வெயிட்டரிடம் மறுபடி சொல்லுங்கள். மறுநாள் ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டு எழுதிக்கொள்வார். சமையலறையில் கோவா, கேரளா, மும்பைக்காரர்கள் பலர் வேலை செய்கிறார்கள். ஒருநாள் முன்னால் தெரிந்தால் நன்றாகவே சமைத்துக் கொடுக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் அவசரத்துக்கு எது கைவசம் இருக்கிறதோ அதுதான் வரும். "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தென்கிழக்கு ஆசியச் சமையலில் காய்கறி நூடுல்ஸில்கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ இருக்கலாம், சூப்பின் அடிநீர் கோழியில் எடுத்ததாக இருக்கலாம், முட்டையைச் சைவத்தில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ், இறைச்சி அடிநீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவுக்காக இதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதியே வைத்திருக்கிறேன்.

மேசை நேரமும் முக்கியம். சிலர் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் தொடங்கும் முதல் அமர்வை யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் எட்டு மணிக்கு முன்னால் யாருக்குப் பசிக்கிறது? இரண்டாவது அமர்வையோ நேரம் தளர்வான ஏற்பாட்டையோ கேட்டு வாங்குங்கள். உடை பற்றிப் பயமே வேண்டாம். எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் அலங்கார இரவில் கோட்டு சூட்டுதான் போட வேண்டும் என்பதில்லை. பட்டுப்புடவையும் வேட்டி சட்டையும் அங்கே எல்லார் கண்ணையும் இழுக்கும்.

பஃபேக்குப் போகும்போது வாசலில் கை கழுவும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரப்பும் நோரோ வைரஸுக்கு, கையில் தேய்க்கும் சானிடைசர் சோப்புத் தண்ணீர் அளவுக்கு வேலை செய்யாது. குழந்தைகளை ஒவ்வொரு தடவையும் கழுவவைத்தே உள்ளே விடுங்கள்.

பானங்களில்தான் காசு கைநழுவும். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, சாதாரண காபி, டீ எல்லாம் இலவசம். கோலா போன்றவற்றுக்குக் காசு. மதுபானப் பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. தனித்தனியாக வாங்கும் பானத்துக்கும் கட்டண உணவகத்துக்கும் ராயல் கரீபியன் கப்பல்களில் 18 சதவீதம் டிப்ஸ் தானாகச் சேரும். இது தெரியாமல் மறுபடியும் டிப்ஸ் எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மின்சாரக் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எடுத்துப்போகாதீர்கள். தீ அபாயம் என்று வாங்கிவைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். சமைத்த சாப்பாட்டையும் விடமாட்டார்கள். பொட்டலம் பிரிக்காத பொடி, சிப்ஸ் போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை.

விளையாட்டுக்குச் சாக்ஸ்

வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நம் ஆட்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். பாறையேற்றச் சுவரில் ஏற மூடிய காலணியும் சாக்ஸும் வேண்டும். பனிச்சறுக்குத் தளம் உள்ள கப்பலில் சாக்ஸ் இல்லாமல் இறங்கவே முடியாது. எல்லாரும் செருப்போடு போய் நிற்கிறோம். ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துவையுங்கள்.

ஃப்ளோரைடர் எனும் அலைச்சறுக்கில் படுத்தபடி போகக் குழந்தை 132 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், நின்றபடி போக 147 செ.மீ. வீட்டில் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, முன்னால் போனபின் "முடியாது" என்று கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது கஷ்டம்.

குவாண்டம் வகைக் கப்பல்களில் நார்த் ஸ்டார் என்ற கண்ணாடிக் கூண்டு ஒரு நீண்ட கரத்தில் உயர்ந்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்துக்கு ஆட்களைத் தூக்கிப்போகும். காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதல் நாள் பதிவு செய்தால், ரத்தானாலும் மாற்று நேரம் கேட்க நாள் இருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு பைசா கட்டணமில்லாதது. கப்பலின் பின்கோடியில் இருக்கும் டூ செவன்டி அரங்கம் ராத்திரிக் காட்சிக்காகப் பேர்பெற்றது. ஆறு ரோபோ கரங்கள் திரைகளைத் தூக்கி ஆட்டும். அதே அரங்கம் பகலில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியாக, கப்பல் விட்டுச்செல்லும் வெள்ளை நுரைப்பாதையைக் காட்டிக்கொண்டு கிடக்கும். காலை ஏழு மணிக்கு அங்கே ஆளே இருக்க மாட்டார்கள். அப்பா ஒரு காபியோடு அங்கே உட்கார்ந்தால் பத்து மணிவரை எழுந்திருக்க மாட்டார். மலாக்கா நீரிணையில் எதிரும் புதிருமாகச் சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கும், எண்ணிக்கொண்டிருப்பார். மேல்தளத்து வெயிலில் நாற்காலிக்குச் சண்டை போடும் பலருக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

குழந்தைகள் மன்றத்தில் பிள்ளையை விடப் பலருக்கு மனம் வருவதில்லை. மூன்று வயது முடிந்து, டயப்பர் இல்லாத குழந்தைகளைப் பகலில் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் நாளே கூட்டிப்போய்ப் பதிவு செய்து, அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். டயப்பர் போடும் குழந்தைகளைப் பெரிய குளங்களில் விட மாட்டார்கள், நீச்சல் டயப்பர் என்றாலும்.

கரைக்கு இறங்கும் நாள்

துறைமுகத்தில் நிற்கும் நாளில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். வரிசையே இல்லாமல் கப்பலை அனுபவிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. முன்பே பார்த்த ஊர் என்றால் கப்பலிலேயே இருந்துவிடுங்கள்.

பினாங்கு முதல் தடவை என்றால் மட்டும் கட்டாயம் இறங்குங்கள். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியா நடந்துபோகும் தூரம். வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பலாம், விலை கூடிய சுற்றுலாப் பேருந்து தேவையில்லை.

புக்கெட்டில் கவனம் தேவை. பெரிய கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். திரும்பும்போதும் படகு வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். உங்கள் போன் கரையில் தானாக மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். போனில் நாலு மணி என்று நிம்மதியாக இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள், கப்பலில் ஐந்தாகியிருக்கும். இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். போனை முதல் நாளே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழி ரோமிங்கில் போன் சேர்ந்துகொண்டால் பில் பயங்கரமாக வரும். கப்பல் ஆப் வேலை செய்ய உள்ளே இருக்கும் வைஃபை போதும், அதற்குக் காசில்லை.

கடைசி இரவு கணக்கை ஆப்பில் பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே வரவேற்பு மேசையில் சொல்லலாம். மறுநாள் காலை அங்கே வரிசை நீண்டுவிடும். பெட்டியை ராத்திரியே வாசலில் வைப்பவர்கள், காலையில் உடுத்த வேண்டிய துணியையும் அதற்குள் போட்டுவிடாதீர்கள். அப்புறம், பயணம் முடிந்ததும் கருத்துப் படிவம் மின்னஞ்சலில் வரும். அதில் உங்களை நன்றாகக் கவனித்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அவர்கள் பலமாதம் வீட்டைப் பிரிந்து வேலை செய்கிறவர்கள், அந்த ஒரு வரி அவர்கள் மேலதிகாரி கண்ணுக்குப் போகும். எங்கள் இரண்டாவது பயணத்தில், அம்மாவுக்கு இரண்டாம் இரவே கேட்காமல் பருப்பும் அப்பளமும் கொண்டுவந்து வைத்த கோவாக்காரப் பையனின் பெயரை அம்மா மறக்காமல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.