மெழுகுப் பலகையில் ரோமாபுரி

ரோமாபுரி வரலாற்றுப் பாடத்தைப் பேரரசர் பட்டியலோடு தொடங்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கப்பலோடு தொடங்குங்கள். திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் காற்றும் கடலும் புதிதல்ல. ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் (கி.பி. 41–54) அரேபியக் கரையோரம் போன ஒரு ரோமானியரைக் காற்று அடித்துவந்து 15ஆம் நாள் இலங்கையில் ஒதுக்கியதாம். அவர் வைத்திருந்த வெள்ளிக்காசுகளில் பொறித்த தலைகள் வேறு வேறு, எடை ஒன்று. அதைக் கண்டு இலங்கை அரசன் வியந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்.

அடுத்து, ரோமானியப் பிள்ளைகளின் 'சிலேட்' ஆன மெழுகுப் பலகையைச் செய்யுங்கள். 15×10 செ.மீ. பலகைத் துண்டின் ஓரமெங்கும் ஐஸ்கிறீம் குச்சிகளை இரண்டடுக்காக ஒட்டுங்கள். மூலையில் இடைவெளி இருந்தால் மெழுகு ஒழுகிவிடும். 30 கிராம் மெழுகுதிரியைச் சுடுநீர்ப் பாத்திரத்துள் வைத்த டின்னில் உருக்கி, அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் கொஞ்சம் விளக்குக் கரியும் கலந்து ஊற்றுங்கள். ஊற்றுவது பெரியவர் வேலை. எண்ணெய் சேர்க்காவிட்டால் எழுதும்போது மெழுகு செதில் செதிலாகப் பெயரும், கூடினால் குழையும். காலையிலேயே செய்யுங்கள், நம்மூர் மத்தியான வெயிலில் மெழுகு இளகிவிடும்.

மூங்கில் குச்சியின் ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைத் தட்டையாகச் சீவுங்கள். கூர்முனை எழுத, தட்டைமுனை தேய்த்து அழிக்க. நம் எழுத்தாணியையும் ஓலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்: ஓலையில் கீறியது கீறியதுதான். மெழுகில் நேர்கோடு சுலபம். வளைவில் மெழுகு குவியும். 'அ' எழுதிப் பார்த்தால் பிள்ளைகளுக்கே விளங்கும்.