மூன்றாம் இருக்கையில் திறந்த பக்கம்: குக்கீ விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் இணைய மையத்தில், பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான பின்வரும் வாரங்களில் இருக்கை காலியாக இருப்பதே அரிது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க அம்பாசமுத்திரம், நாங்குநேரி, மானூர்ப் பக்கங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பெற்றோருடன் வந்து சேர்வார்கள். அப்படியொரு காலையில் மூன்றாம் இருக்கையில் அமர்ந்த மாணவி, விண்ணப்பத் தளத்தின் முகவரியைத் தட்டிய உடனேயே என்னைக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, நான் இன்னும் உள்ளயே போகல. வேற யாரு பேரோ வருது.” திரையில் தெரிந்தது, பத்து நிமிடத்துக்கு முன்பு அதே இருக்கையிலிருந்து எழுந்துபோன பையனின் விண்ணப்பம். பெயர், மதிப்பெண், சாதிச் சான்றிதழின் எண், தந்தையின் கைபேசி எண் என எல்லாம் திறந்து கிடந்தன. வேலை முடிந்ததும் அவன் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி அந்தப் பக்கத்தை மூடியிருக்கிறான், லாக்-அவுட் செய்யவில்லை. அந்தப் பெண் நல்ல பிள்ளை என்பதால் கையை எடுத்துக்கொண்டு என்னை அழைத்தாள். வேறொருவராக இருந்திருந்தால், அவன் பதிந்து வைத்திருந்த விவரங்களையே மாற்றியிருக்கலாம்.

பக்கத்தை மூடினால் வெளியே வந்துவிட்டோம் என்று நினைப்பதுதான் என் மையத்தில் நான் அதிகமாகக் காணும் தவறு. அது ஏன் தவறு என்பது குக்கீ என்றால் என்னவென்று தெரிந்தால் விளங்கும். ஓர் இணையதளத்துக்கு, தன்னிடம் வருபவரை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி இயல்பிலேயே கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே அதற்கு நீங்கள் புது ஆள்தான். இந்தக் குறையைத் தீர்க்க 1994-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுல்லி கண்ட வழியே குக்கீ. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். டோக்கனில் இருப்பது ஓர் எண் மட்டுமே. செருப்பு அலமாரியில் இருக்கிறது. திரும்பி வந்து டோக்கனை நீட்டியதும், கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு உரியதை எடுத்துக் கொடுத்துவிடுவார். குக்கீயும் அப்படித்தான். தளம் உங்கள் உலாவியிடம், அதாவது குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசரிடம், ஒரு சிறு எழுத்துக் குறிப்பைக் கொடுத்து வைக்கிறது. அது பொதுவாக 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போகும்போது உலாவியே அதை எடுத்து நீட்டிவிடுகிறது. உங்களைப் பற்றிய விவரங்களில் பெரும்பகுதி இருப்பது தளத்தின் அலமாரியில்தான். இந்த வேறுபாட்டைக் கடைசிவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

பையன் பக்கத்தை மூடினான். ஆனால் டோக்கன் அந்தக் கணினியின் உலாவியிலேயே கிடந்தது. அடுத்து வந்தவள் அதே தளத்தைத் திறந்ததும் உலாவி அவனுடைய டோக்கனை நீட்டியது, தளமும் அவன்தான் வந்திருக்கிறான் என்று கதவைத் திறந்துவிட்டது. லாக்-அவுட் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த எண்ணையே தளம் செல்லாததாக்கியிருக்கும். ஆகவே பொதுக் கணினியிலும், அலுவலகத்தில் பலர் பயன்படுத்தும் கணினியிலும், நண்பரின் கைபேசியிலும் வேலை முடிந்தால் முதலில் லாக்-அவுட் செய்யுங்கள், பிறகு மூடுங்கள். ‘என்னை நினைவில் வைத்துக்கொள்’ என்ற சிறு பெட்டியில் அங்கெல்லாம் டிக் செய்யவே கூடாது. அது நீண்ட நாள் செல்லும் டோக்கனைக் கேட்டு வாங்குவதற்குச் சமம். உலாவியையே முழுவதும் மூடிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உலாவியை மூடியதும் அழிய வேண்டிய குக்கீகள்கூட, ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் மறுமுறை திறக்கும்போது திரும்பி வந்துவிடும். அந்த நாளுக்குப் பிறகு என் மையத்தில் ஒவ்வொருவருக்கும் விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுக்கிறேன். மூடியதும் அதில் சேர்ந்தவை எல்லாம் அந்தக் கணினியிலிருந்து போய்விடும்.

அடுத்த தவறு, மறைநிலைச் சாளரத்தின் மீது வைக்கும் அளவுகடந்த நம்பிக்கை. இன்காக்னிட்டோ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது செய்யும் வேலை உண்மையானது, ஆனால் சிறியது. பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கீகளும் அந்தக் கணினியில் தங்காது, அவ்வளவுதான். நீங்கள் போன தளத்துக்கும், உங்கள் இணைய இணைப்பை வழங்கும் நிறுவனத்துக்கும், கல்லூரி வலையமைப்பை நிர்வகிப்பவருக்கும் உங்கள் வருகை தெரியவே செய்யும். மறைநிலையில் இருந்துகொண்டே உங்கள் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்தால், நீங்களே உங்கள் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். குரோமின் இந்தச் சாளரத்தைப் பற்றி 2020-இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2024-இல் சமரசத்துக்கு வந்தபோது, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், சாளரத்தின் முகப்பில் உள்ள அறிவிப்பைத் தெளிவாக்கவும் கூகுள் ஒப்புக்கொண்டது.

இனி, நாம் நாள்தோறும் யோசிக்காமல் செய்யும் தவறுக்கு வருவோம். செய்தியோ சமையல் குறிப்போ படிக்கப் போனால் குக்கீகளுக்குச் சம்மதம் கேட்டு, திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்புகிறது. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது பளிச்சென்ற நிறத்தில் பெரிய பொத்தானாக இருக்கும். அதன் அருகே மங்கிய சாம்பல் எழுத்தில் ‘அமைப்புகளை நிர்வகி’ என்று இருக்கும். ஏற்காவிட்டால் படிக்க விடமாட்டார்கள் என்ற எண்ணத்தில் பெரும்பாலோர் பெரியதை அழுத்திவிடுகிறார்கள். மங்கியதை அழுத்திப் பாருங்கள். உள்ளே தேவையான குக்கீகள், பகுப்பாய்வு, விளம்பரம் என்று தனித்தனியே பிரித்திருப்பார்கள். தேவையானவை தளம் இயங்குவதற்கானவை. பகுப்பாய்வு என்பது வருகிறவர்கள் எதையெதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மறுத்தாலும் பெரும்பாலான தளங்களில் பக்கம் அப்படியே திறக்கும். சில தளங்களில் ‘நியாயமான நலன்’ என்ற தலைப்பில், சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்தத் தங்களுக்குக் காரணம் உண்டு என்று சொல்லும் நிறுவனங்களின் இன்னொரு பட்டியல் இருக்கும். அதில் பொத்தான்கள் முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். முதல் பட்டியலை மறுத்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு.

இந்தப் பெட்டிகள் நம் ஊர்வரை வந்ததற்குக் காரணம் ஐரோப்பியச் சட்டங்கள். 2018 மே 25 முதல் அங்கு நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு முந்தைய மின்னணுத் தகவல்தொடர்பு ஆணையும், அவசியமற்ற குக்கீகளுக்குப் பயனரின் சம்மதம் வேண்டும் என்கின்றன. முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஏற்பது எவ்வளவு எளிதோ மறுப்பதும் அவ்வளவு எளிதாக இல்லை என்ற காரணத்துக்காகவே, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. அந்தச் சாம்பல் எழுத்து தற்செயலாக மங்கிப்போனதன்று என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளம்பரக் குக்கீ என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். மகளின் கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் வாங்க எண்ணி, மணமக்கள் பெயரை நெய்து தருகிறார்களா என்று ஒரு விற்பனைத் தளத்தில் ஒருவர் பார்க்கிறார், வாங்கவில்லை. மறுநாள் மழைச் செய்தி படிக்க வேறொரு தளத்துக்குப் போனால் அங்கேயும் பாய் விளம்பரம். பாய்க் கடைக்காரர் செய்தித் தளத்துக்குப் போய்ச் சொன்னாரா? இல்லை. இரண்டு பக்கங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் துண்டு ஒன்று பொதிந்திருக்கிறது. பாய்ப் பக்கம் திறந்தபோது உலாவி அந்தத் துண்டை விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வாங்கியது. அப்போது அந்த நிறுவனம் தன் டோக்கனையும் கொடுத்தது. செய்திப் பக்கத்திலும் அதே நிறுவனத்திடம் துண்டு கேட்கப் போனபோது உலாவி அதே டோக்கனை நீட்டியது. ரத வீதி நான்கிலும் உள்ள கடை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரே நிறுவனத்தின் ஆள் நின்று, உள்ளே போகிறவர் கையிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டே இருப்பதைப் போன்றது இது. இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர்.

இதைத் தடுக்காமல் விட்டுவைப்பது நம்மில் பலர் செய்யும் தவறு. ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் இவற்றை இயல்பாகவே தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறது. குரோமிலிருந்து இவற்றை நீக்கப்போவதாக 2020-இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டுக் கடைசியில் 2025-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வைத் தாங்களே இயக்க வேண்டும். பயந்துபோய் எல்லாக் குக்கீகளையும் தடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தவர்கள் வங்கித் தளத்திலோ ரயில் முன்பதிவிலோ நுழைய முடியாமல் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். குக்கீ தானாக இயங்கும் நிரலன்று. அதை வைரஸ் என்று அஞ்ச வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், இனி என்னைப் பற்றிய பதிவே இருக்காது என்று நிம்மதியடைவதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். நீங்கள் அழித்தது டோக்கனை. அலமாரியில் உள்ளது அப்படியே இருக்கிறது. அதே கணக்கில் மீண்டும் லாகின் செய்த உடனே புது டோக்கன் பழைய அலமாரியோடு சேர்ந்துவிடும். அங்கே சேர்ந்ததை நீக்க வேண்டுமானால், அந்தக் கணக்கின் செயல்பாட்டுப் பதிவுகளுக்குள் போய் நீக்க வேண்டும். பலர் இந்த இரண்டாம் வேலையைச் செய்வதே இல்லை.

குக்கீ இல்லாமலே அடையாளம் காணும் வழிகளும் உண்டு. திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், நேர மண்டலம், உலாவியின் பதிப்பு போன்ற சிறு விவரங்களைச் சேர்த்தாலே ஒரு கருவியை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட முடியும். இதைக் கருவியின் கைரேகை என்பார்கள். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்தபோது, அவற்றில் 83.6 சதவீதம் அந்தத் தொகுப்பில் வேறெதனோடும் ஒத்துப்போகாதவையாக இருந்தன. மின்னஞ்சலில் ஒரு புள்ளி அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத படம், அதை நீங்கள் திறந்துவிட்டதை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். கைபேசிச் செயலிகள் குக்கீக்குப் பதிலாக விளம்பர அடையாள எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்ற வழியில் போய் அந்த எண்ணை நீக்கிவிடலாம். ஐபோனில் பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒரு செயலி கேட்கும்போது மறுத்துவிடலாம்.

குக்கீ திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “ஓடிபி யாருக்கும் சொல்லல, பாஸ்வேர்டும் மாத்தல, எப்படி அண்ணாச்சி கணக்கு போச்சு?” என்று ஒரு புகைப்படக் கலைஞர் கேட்டார். பேசிப் பார்த்ததில், காசு கொடுத்து வாங்க வேண்டிய படத்தொகுப்பு மென்பொருளை எங்கோ இலவசமாக இறக்கி நிறுவியிருந்தார். அத்தகைய மென்பொருள்களோடு வரும் திருட்டு நிரல்கள் உலாவியில் உள்ள குக்கீகளை மொத்தமாக அள்ளி அனுப்பிவிடக்கூடியவை. லாகின் முடிந்த பிறகு கிடைத்த டோக்கன் திருடனிடம் இருந்தால், தளம் அவனிடம் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கப் போவதில்லை. அப்படி நேர்ந்தால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்த வேண்டும். பழைய டோக்கன்கள் அப்போதுதான் செல்லாமல் போகும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு விடுவது பல தளங்களில் போதாது.

சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் நம் ஊர் வியாபாரிகளும் தவறு செய்கிறார்கள். சம்மதம் கேட்கும் பெட்டியை ஒட்டிவிட்டால் சட்டம் நிறைவேறிவிட்டது என்று எண்ணுகிறார்கள். பெட்டியில் மறுத்தாலும் பின்னால் விளம்பரத் துண்டுகள் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தன்விருப்பமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் விவரம் அறிந்து தருவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வசதியும் தர வேண்டும். 18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது பொதுவாகத் தடை செய்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

போன மாதம் கைவினைப் பொருள் விற்கும் ஓர் அம்மா, தன் தளத்துக்கும் அந்தப் பெட்டியைப் போட்டுத் தரும்படி கேட்டு வந்தார். அவர் தளத்தைத் திறந்து, என்னென்ன குக்கீகள் இறங்குகின்றன என்று உலாவியிலேயே பார்த்தோம். பதினொன்று இருந்தன. கூடையில் போட்ட பொருளை நினைவில் வைக்க ஒன்று, லாகினுக்கு ஒன்று. மீதி ஒன்பதும், தளம் கட்டிக்கொடுத்தவர் என்றோ சேர்த்துவிட்டுப்போன விளம்பர, பகுப்பாய்வுத் துண்டுகளிலிருந்து வந்தவை. அந்தப் பகுப்பாய்வின் கணக்கை ஒருநாளாவது திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒன்பதையும் எடுத்துவிட்டோம். கூடைக்கும் லாகினுக்குமானவை மட்டும் மிஞ்சிய பிறகு அவர் கேட்டு வந்த பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த இரண்டும் எதற்கு என்பதைத் தமிழில் நான்கு வரி எழுதி, பக்கத்தின் அடியில் சேர்த்துக் கொடுத்தேன்.