வாயு வரும் வினைகளில் நிறை எங்கே போகிறது?

எரிந்தால் நிறை குறையும் என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. விறகு அப்படித்தான்: கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விட, மிஞ்சுவது சாம்பல். ஆனால் மெக்னீசியம் எரிந்தால் உருவாகும் வெள்ளைத் தூள் திண்மம், அது எங்கும் போகாது. 2.4 கிராம் மெக்னீசியம் காற்றிலிருந்து 1.6 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 4.0 கிராம் ஆகிறது. அதனால் கூடுமா குறையுமா என்று மனப்பாடம் செய்யாதீர்கள். வாயு உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பாருங்கள்.

இதைச் செய்து பார்க்கும்போது புடக்குகையின் (மெக்னீசியத்தைச் சூடாக்கும் சிறு கிண்ணம்) மூடியைத் திறந்தே வைத்தால் வெண்புகையோடு ஆக்சைடும் பறந்துவிடும். மூடியே வைத்தால் ஆக்சிஜன் போதாது. இடுக்கியால் அவ்வப்போது லேசாகத் தூக்கி மூட வேண்டும். ஆறிய பிறகே எடை போடுங்கள். சூடாக இருந்தால் மேலெழும் காற்று அளவைக் குறைத்துக் காட்டும்.

எப்போது எடை போடுகிறோம் என்பதில் 17-ஆம் நூற்றாண்டின் பெரிய விஞ்ஞானி ராபர்ட் பாயிலே தவறினார். மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கி, திறந்த பிறகு எடை போட்டார். நிறை கூடியிருந்தது, நெருப்பின் துகள்கள் கண்ணாடி வழியே புகுந்ததாக முடிவு செய்தார். 1774-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் அதே சோதனையில் கலத்தைத் திறப்பதற்கு முன்பே எடை போட்டார். மாற்றமே இல்லை. திறந்ததும், வெள்ளீயம் எடுத்துக்கொண்ட காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது, அப்போதுதான் நிறை கூடியது.

சுண்ணாம்புக்கல்லும் அமிலமும் வினைபுரியும் கூம்புக் குடுவையின் வாயில் பஞ்சு வைப்பது வாயுவை அடைக்க அல்ல, தெறிக்கும் அமிலத் துளிகளைப் பிடிக்க. ரப்பர் அடைப்பானை இறுக்கிவிடாதீர்கள், ஆபத்து. 2 கிராம் சுண்ணாம்புக்கல் முழுதும் கரைந்தால் 0.88 கிராம் குறையும், சாதாரணத் தராசிலேயே தெரியும். அதே தராசில் 0.24 கிராம் மெக்னீசியத்தை அமிலத்தில் போட்டால் எதுவும் தெரியாது, ஏனென்றால் போகும் ஹைட்ரஜன் வெறும் 0.02 கிராம். அதைப் பார்த்து வாயுவுக்கு நிறையே இல்லை என்று மாணவர் எழுதினால் குற்றம் அவருடையதல்ல, தராசைத் தேர்ந்தெடுத்தவருடையது.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது பலூன் சோதனைதான். பாட்டிலில் வினிகர், வாயில் மாட்டிய பலூனுக்குள் ஆப்ப சோடா. வாயு எங்கும் தப்பவில்லை, நிறை மாறக்கூடாது. ஆனால் தராசு குறைத்துக் காட்டும்! கசிவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பலூன் உப்பி, தன் இடத்திலிருந்த காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றின் எடைக்குச் சமமான விசை பலூனை மேலே தூக்குகிறது. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். 4.2 கிராம் சோடா சுமார் 1.2 லிட்டர் வாயு தரும். ஆக ஏறக்குறைய 1.4 கிராம் குறைவாகத் தெரியும். நிறை அப்படியே இருக்கிறது, மாறியது கன அளவு.

ஆகவே வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே என்னும் நிறை மாறா விதியைக் காட்ட பலூன் வேண்டாம். கன அளவு மாறாத கலம் வேண்டும். ஒரு லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கொஞ்சம் வினிகர், காகிதத்தில் மடித்த ஒரு கிராம் சோடா. அதற்கு மேல் வேண்டாம், அழுத்தம் ஏறும். மூடியை இறுக்கி உடனே எடை போடுங்கள், நுரை அடங்கியதும் மறுபடி போடுங்கள். அப்புறம் மூடியைத் தளர்த்தி, மூடியோடு சேர்த்தே மூன்றாம் முறை.