ஒற்றைத் தாளுக்கே ‘டபுள் ஷீட்’ என்று மெஷின் நிற்கிறதா?

தாள் தாளாக எடுத்து அச்சடிக்கும் ஷீட்ஃபெட் ஆஃப்செட்டில், இரண்டு தாள் சேர்ந்து வந்ததாக ‘டபுள் ஷீட்’ என்று காட்டி மெஷின் நின்றால், உடனே புது சென்சார் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஃபீட் போர்டில் (தாள் உள்ளே போகும் பலகையில்) கிடக்கும் தாளைப் பாருங்கள். உண்மையிலேயே இரண்டு தாள் ஒட்டி வந்திருந்தால் சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கோளாறு தாளை எடுத்துக் கொடுக்கும் ஃபீடரில், அல்லது தாளிலேயே: ஊதுகாற்றுக் குறைவு, தாளை உறிஞ்சித் தூக்கும் சக்கர் ரப்பரின் தேய்மானம், அல்லது மழுங்கிய கத்தியில் வெட்டியதால் ஓரம் ஒட்டிய தாள். ஓரம் ஒட்டியதைக் காற்று பிரிக்காது, கையால் விசிறித்தான் அடுக்க வேண்டும்.

வந்தது ஒற்றைத் தாள்தானா? ஸ்டாப் பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டு சென்சார் லென்ஸைப் பாருங்கள். பேப்பர் தூசியும், மை ஒட்டாதிருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடரும் அங்கேதான் படியும். உலர்ந்த மென்துணி போதும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும்.

இரண்டாம் பக்கம் அடிக்கும்போது மட்டும் நிற்கிறதென்றால், தாளை ஊடுருவும் ஒளியை அளக்கும் சென்சாராக இருக்கலாம். முதல் பக்கத்தின் அடர்ந்த சாலிட் (முழுதாக மை நிரம்பிய பகுதி) ஒளியை மறைக்க, அது இரண்டு தாள் என்று எடுத்துக்கொள்கிறது. அச்சான தாளையே வைத்து சென்சாரை மறுபடி செட் செய்யுங்கள். ஒலியலையால் அறியும் அல்ட்ராசோனிக் வகையில் இந்தத் தொல்லை கிடையாது.

தாளின் தடிமனைச் சுழலும் சக்கரத்தால் அறியும் டிடெக்டரா? தாள் ஓட்டத்தின் மேல் அதே தாளின் ஒரு துண்டைச் செருகினால் நிற்க வேண்டும், எடுத்தால் ஓட வேண்டும். 80 ஜிஎஸ்எம்மிலிருந்து (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) 300க்கு மாறினால் சக்கரத்துக்குக் கீழுள்ள இடைவெளியையும் மாற்றியே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எப்போதாவது நின்றால், அசையும் இடத்தில் மடங்கும் கேபிளைச் சந்தேகியுங்கள். மெஷின் ஓடாதபோது கேபிளை லேசாக ஆட்டுங்கள். சென்சாரின் எல்இடி மினுங்கினால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது.