கம்பி–கான்கிரீட் பிணைப்பை மெஷின் லேர்னிங்கில் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்கிரீட்டின் வலிமை, கம்பியின் விட்டம், கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் தடிமன்), பதிந்த நீளம், ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) என்று பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பிணைப்பு வலிமையை, அதாவது கம்பியைக் கான்கிரீட் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதை, கணிக்க மெஷின் லேர்னிங் நன்றாகவே கைகொடுக்கும். 1977இல் ஒராங்குன், ஜிர்சா, பிரீன் மூவரும் தந்த புகழ்பெற்ற சமன்பாடும் சோதனைத் தரவின் மேல் பொருத்தி எடுத்ததுதான். ஆனால் எந்த மாடல், எக்ஸ்ஜிபூஸ்ட்டா, நியூரல் நெட்வொர்க்கா என்று யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது தரவு அட்டவணையை வரி வரியாகப் படிக்கக் கொடுங்கள். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

எனக்கு மிகவும் கவலை தருவது, பிணைப்பு போவதற்கு முன்பே கம்பி ஈல்டு ஆகிவிட்ட, அதாவது திரும்பாத அளவுக்கு நீள ஆரம்பித்துவிட்ட, சோதனைகள். 16 மி.மீ. கம்பி, ஈல்டு வலிமை 500 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ.; ஆகவே சுமார் 100 கிலோநியூட்டனில் கம்பி இழுபட ஆரம்பிக்கும். விட்டத்தைப் போல் 20 மடங்கு, அதாவது 320 மி.மீ. நீளம் பதித்திருந்தால், கான்கிரீட்டைத் தொடும் பரப்பு சுமார் 16,000 சதுர மி.மீ. விசையைப் பரப்பால் வகுத்தால் 6.25 மெகாபாஸ்கல். அட்டவணையில் இந்த எண் 'பிணைப்பு வலிமை' என்று உட்கார்ந்திருக்கும். உண்மையில் பிணைப்பு அசையவே இல்லை. அது இன்னும் எவ்வளவு தாங்கியிருக்கும் என்பது அந்தச் சோதனையில் தெரியாது. மாடலோ, நீளம் கூடினால் பிணைப்பு இவ்வளவு குறையும் என்று பாடம் படித்துக்கொள்ளும். நீளம் கூடும்போது சராசரித் தகைவு (விசையைப் பரப்பால் வகுத்தது) இயல்பாகவும் குறையும் என்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. ஈல்டு வலிமையை நான்கால் வகுத்து, வருவதை நீளம்–விட்ட விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். பதிவான தகைவு அதை நெருங்கினால் அந்த வரியை நீக்குங்கள், அல்லது கீழ் வரம்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லாச் சோதனைகளையும் ஒரே பையில் போடுவது. கம்பியைக் கான்கிரீட் கட்டியிலிருந்து நேராக இழுக்கும் புல்-அவுட் சோதனையில் தாங்கு தகடு கான்கிரீட்டை அழுத்திப் பிடிக்கிறது. பீமில் இழுவிசைக் கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டே இழுவிசையில் இருக்கும். அதனால் சிறிய நீளம் பதித்த புல்-அவுட் சோதனையில் 10 மெகாபாஸ்கலைத் தாண்டுவது சாதாரணம். இந்திய நெறியான ஐ.எஸ். 456 (2000) எம்25 கான்கிரீட்டுக்கு (கனசதுர வலிமை 25 மெகாபாஸ்கல்) தரும் வடிவமைப்பு மதிப்பு 1.4, மேற்பரப்பில் புடைப்பு வரிகள் உள்ள கம்பிக்கு 60 சதவீதம் கூட்டினாலும் 2.24தான். இந்த இடைவெளியில் பாதுகாப்புக் காரணியும் இருக்கிறது, சோதனை முறையின் வேறுபாடும் இருக்கிறது. புல்-அவுட் தரவில் பழகிய மாடலை பீமின் லேப் நீளத்துக்கு (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் நீளத்துக்கு) பயன்படுத்தவே கூடாது.

கம்பி உருவிக்கொண்டு வருவதும், கவர் பிளந்து போவதும் கூட வேறு வேறு. ஆனால் தோல்வி வகையை உள்ளீடாகக் கொடுத்துவிடாதீர்கள். உடைத்துப் பார்த்த பிறகு தெரியும் விஷயம் அது. உச்ச விசையின்போது கம்பி எவ்வளவு நழுவியது என்று அளந்த மதிப்பும் அப்படித்தான்.

கான்கிரீட்டைக் கனசதுர மாதிரியில் சோதித்தால் ஒரு வலிமை, உருளை மாதிரியில் சோதித்தால் இன்னொரு வலிமை; இந்தக் குழப்பம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஐரோப்பிய நெறியின் சி30/37 என்ற பெயரிலேயே இரண்டும் (உருளை 30, கனசதுரம் 37) இருக்கின்றன. ஒரு கட்டுரையிலிருந்து 30ஐயும் இன்னொன்றிலிருந்து 37ஐயும் எடுத்து ஒரே நெடுவரிசையில் போட்டால், ஒரே கான்கிரீட் இரண்டாகிவிடும்.

அப்புறம், தரவைப் பிரிக்கும் முறை. பெரும்பாலும் ஒரே கலவையில் மூன்று மாதிரிகள் வார்ப்பார்கள். குலுக்கிப் பிரித்தால் இரண்டு பயிற்சிக்குப் போகும், மூன்றாவது சோதனைக்கு வரும். மாடல் விடையை ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஆர்-ஸ்கொயர்டு (கணிப்பின் பொருத்தம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.97 வந்தது என்றால் மகிழ்வதற்கு முன், ஒரு ஆய்வகத்தின் தரவு முழுவதையும் வெளியே வைத்துச் சோதியுங்கள். மதிப்பு சரியத்தான் செய்யும். நம்ப வேண்டியது அந்தச் சரிந்த மதிப்பைத்தான். தகைவுக்குப் பதில் விசையைக் கணித்தாலும் இதே மயக்கம் வரும், ஏனென்றால் நீளமும் விட்டமும் கூடினால் விசை கூடும் என்பதற்கு மாடலே தேவையில்லை.

எந்த உள்ளீடு கணிப்பை எவ்வளவு மாற்றியது என்று காட்டும் ஷாப் (SHAP) படங்களையும் நிதானமாகப் படியுங்கள். எல்லா மாதிரிகளிலும் நீளம் விட்டத்தின் 5 மடங்கு என்றால், இரண்டில் எது முக்கியம் என்று அந்தத் தரவால் சொல்லவே முடியாது. அதுபோல எம்50 வரை பார்த்த ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலிடம் (பல முடிவு மரங்களின் சராசரி) எம்90 பற்றிக் கேட்டால், எம்50க்குத் தந்த பதிலையே திருப்பித் தரும்.

கடைசியாக, வடிவமைப்புக்குக் கொண்டுபோகும் இடம். வர்க்கப் பிழையைக் குறைக்கப் பழகிய மாடல் தருவது சராசரி. ஏறக்குறைய பாதி மாதிரிகள் அதற்குக் கீழேதான் உடைந்திருக்கும். வடிவமைப்புக்குத் தேவை 5 சதவீதக் கீழ் மதிப்பு, அதாவது 5 சதவீத மாதிரிகள் மட்டுமே அதற்குக் கீழே போகும் மதிப்பு. சராசரிக்குப் பதில் இப்படிப்பட்ட மதிப்பைக் கணிக்கும் குவான்டைல் ரெக்ரஷன் போட்டு அதைத் தனியாகக் கணியுங்கள். அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள விகிதத்தை, கவர் குறைந்த மாதிரிகளுக்கும் ஸ்டிரப் இல்லாதவற்றுக்கும் பிரித்துக் காட்டுங்கள். கவர் திடீரெனப் பிளப்பது அங்கேதான்.