வளைசுவர் ஏறும்போது செய்யும் தவறுகள்

'அமெரிக்கன் நிஞ்சா வாரியர்' என்ற தடைதாண்டும் தொலைக்காட்சிப் போட்டியின் வளைசுவரில் (கீழே வளைந்து தொடங்கி மேலே நிமிரும், ஓடியே ஏற வேண்டிய சுவர்) ஒரு பெண் சறுக்கி விழுந்தால், பார்ப்பவர்கள் உடனே சொல்வது "கையில் பலம் போதவில்லை" என்பதுதான். இதை நம்பி மாதக்கணக்கில் கம்பியில் தொங்கிப் பயிற்சி எடுப்பவர்களும் உண்டு. எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. விரல்கள் விளிம்பைப் பிடித்த பிறகுதான் கைக்கு வேலை. விழுகிறவர்களில் பலர் விளிம்பைத் தொடுவதே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2014-இல் டாலஸ் நகரத் தகுதிச் சுற்றில், 5 அடி உயரமே உள்ள கேசி கேடன்சாரோ 14 அடிச் சுவரை ஏறினார். அந்தப் போட்டியில் இச்சுவரை வென்ற முதல் பெண் அவர்தான். அவ்வளவு உயரமுள்ள ஒருவர் கைகளை உயர்த்தினால் ஏறக்குறைய ஆறரை அடி எட்டும். மீதி ஏழரை அடியைக் கால்கள்தான் ஏற்றித் தர வேண்டும். 6 அடி ஆணுக்கு இந்த மீதி சுமார் 6 அடிதான். இந்த ஒன்றரை அடி வித்தியாசத்தை ஓட்டத்தின் வேகத்தால்தான் ஈடுகட்ட முடியும். கேடன்சாரோ முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. குறுகிய தூரத்தில் முழு வேகம் எடுக்க வால்ட் (ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவுவது) பயிற்சியில் பழகிய கால்கள் அவருடையவை. அதே நகரத்தின் இறுதிச் சுற்றில் 10 தடைகளையும் அவர் முடித்ததை, கைபலத்தின் வெற்றியாக மட்டும் பார்ப்பது அநியாயம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சுவரை நெருங்கும்போது தயங்குவது. கடைசி இரண்டு காலடிகளைக் குறுக்கி, கால் எங்கே விழ வேண்டும் என்று தேடுகிறார்கள். வளைவில் ஓடும்போது நம் வேகம்தான் பாதத்தைச் சுவரோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பிடிமானம். வேகம் குறைந்தால் பிடிமானமும் போய்விடும். ஆகவே எந்தக் காலில் ஓட்டத்தைத் தொடங்கினால் எந்தக் கால் வளைவில் முதலில் படும் என்பதைப் பயிற்சியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். போட்டி நாளில் அதை யோசிக்க நேரமில்லை.

அடுத்தது, பயத்தில் மார்பைச் சுவரை நோக்கிச் சாய்ப்பது. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அப்போது பாதம் சுவருக்குள் உதைக்காமல், சுவரோடு சேர்ந்து கீழே உதைக்கிறது. உடனே சறுக்கல். சுவர் வளைய வளைய உடலும் பின்னால் சாய்ந்து, மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மல்லாந்து விழப்போவது போன்ற உணர்வு வரும். அந்த உணர்வுக்குப் பழகுவதற்குத்தான் உண்மையில் பயிற்சி தேவைப்படுகிறது. இடுப்பு சுவரை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

உயரம் குறைந்தவர்கள் அதிகம் செய்வது, சீக்கிரமே தாவிவிடுவது. விளிம்பு தொலைவில் தெரிவதால் மனம் அவசரப்படுகிறது. இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேகம் மிச்சமிருக்கும்போதே கையை நீட்டித் தாவினால், அந்த அடியின் உயரம் வீணாகிவிடுகிறது. பார்வை விளிம்பில் இருக்கட்டும், கால்கள் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கடைசி உதைப்பு முடியும் நேரத்தில் கை நீளட்டும். ஒரு கை முதலில் பிடித்தாலும் போதும், மறு கை வந்து சேர்ந்துவிடும்.

காலணியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் உதைப்பை விழுங்கிவிடும். மெல்லிய, பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் நல்லது. அதில் தூசியோ ஈரமோ இருந்தால் ஏறும் முன் துடைத்துவிடுங்கள்.

இறங்குவதையும் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை; கணுக்கால் சுளுக்குவது பெரும்பாலும் அப்போதுதான். எட்டாது என்று தெரிந்த நொடியில் சுவரைத் தள்ளிவிட்டுப் பின்னால் குதிக்காதீர்கள். உள்ளங்கையும் பாதமும் சுவரில் உரச, முழங்காலை மடக்கிச் சறுக்கி, வளைவு வந்ததும் திரும்பி ஓடி வாருங்கள். 8 அடிச் சுவரில் இது இயல்பாக வரும் வரை 10 அடிச் சுவருக்குப் போக வேண்டாம்.