ஏஜென்டுக்கு மூளை மாதிரி ஒரு நினைவகம்: எஸ்க்யூலைட் போதும்

எல்எல்எம் (பெரிய மொழி மாடல்) வைத்துச் செய்த ஏஜென்ட், அதாவது நமக்காக வேலை செய்யும் நிரல், நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிடும். உடனே பலர் பேசியது அத்தனையையும் சேமித்து, ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்பத் தொடங்குவார்கள். கொஞ்ச நாளில் செலவு ஏறும், பதிலும் குழம்பும்.

மூளை அப்படிச் செய்வதில்லை. 1953-இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு மூளையின் இரு பக்கமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான அளவை அகற்றினார்கள். அதன்பின் நடந்தது ஏறக்குறைய எதுவும் அவர் மனதில் தங்கவில்லை; சிறுவயது நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. புதியதைப் பிடிக்கும் இடம் வேறு, பழையது தங்கும் இடம் வேறு. ஹிப்போகாம்பஸ் சட்டென்று பதியும், பெருமூளைப் புறணி மெல்லக் கற்கும் என்ற கோட்பாட்டை மெக்லெலண்ட், மெக்நாட்டன், ஓ'ரெய்லி மூவரும் 1995-இல் முன்வைத்தார்கள். நாம் கட்டப்போவதும் இந்த இரண்டு அறைகளைத்தான்.

தேவையானவை: பைத்தான், நம்பை (எண் கணக்குக்கான பைத்தான் நூலகம்), எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்), ஒரு எம்பெடிங் மாடல் (வாக்கியத்தின் பொருளை வெக்டராக, அதாவது எண்களின் வரிசையாக மாற்றுவது), ஒரு எல்எல்எம். வெக்டர் டேட்டாபேஸ் இப்போதைக்கு வேண்டாம். 384 எண்கள் கொண்ட வெக்டர்கள் 10,000 இருந்தாலும், எண்ணுக்கு 4 பைட் வீதம் சுமார் 15 எம்பிதான். நம்பை அதை நொடிப்பொழுதில் தேடிவிடும்.

படி 1: நிகழ்வு டேபிள்

நேரம், யார் சொன்னது, வாக்கியம், வெக்டர், முக்கியத்துவம், சுருக்கியாயிற்றா என்று ஆறு பத்திகள் (நெடுவரிசைகள்). (எஸ்க்யூலைட் தமிழ்ப் பெயர்களையே ஏற்கும்.) முக்கியத்துவத்துக்கு 1 முதல் 10 வரை எல்எல்எம்மையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். சும்மா கேட்டால் எல்லாவற்றுக்கும் 7, 8 என்று அள்ளிக் கொடுக்கும். "வணக்கம்" 1, வீட்டு முகவரி மாற்றம் 6, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை 10 என்று மாதிரி காட்டிவிட்டுக் கேளுங்கள்.

படி 2: நினைவுகூர்தல்

2023-இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் 25 பாத்திரங்கள் உலவும் ஒரு கற்பனை ஊரை உருவாக்கியபோது மூன்று அளவுகளைக் கூட்டினார்கள்: புதுமை (எவ்வளவு அண்மையது), முக்கியத்துவம், பொருத்தம் (கேள்வியின் வெக்டரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது). புதுமை மணிக்கு 0.995 மடங்காகக் குறையும். ஏறக்குறைய ஆறு நாளில் பாதியாகிவிடும். முக்கியத்துவத்தை 10-ஆல் வகுத்து மூன்றையும் கூட்டுங்கள், மேலே வரும் 5 நினைவுகளை எடுங்கள்.

இங்கேதான் ஒரு பள்ளம். "இரவுச் சாப்பாடு ஆர்டர் செய்" என்கிறார் பயனர். நேற்றுத் தோசை வாங்கிய நினைவு: 0.89 + 0.2 + 0.70 = 1.79. முப்பது நாளைக்கு முன் சொன்ன நிலக்கடலை ஒவ்வாமை: 0.03 + 0.9 + 0.55 = 1.48. தோசை ஜெயிக்கிறது! இப்படி ஐந்து சாப்பாட்டு நினைவுகள் சேர்ந்தால் ஒவ்வாமை பட்டியலுக்கே வராது. ஏஜென்ட் கடலைச் சட்னியை வரவழைத்துவிடும். எண்களைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இது தேய்மானமே இல்லாத இரண்டாவது அறையில் இருக்கவேண்டிய செய்தி.

படி 3: தூக்கம்

எலி தூங்கும்போது, விழித்திருந்தபோது சேர்ந்து இயங்கிய ஹிப்போகாம்பஸ் செல்கள் மறுபடி சேர்ந்து இயங்குவதை வில்சனும் மெக்நாட்டனும் 1994-இல் காட்டினார்கள். நமக்கு அது இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்படி குறித்துவைத்த நிரல், அதாவது ஒரு கிரான் வேலை. அன்றைய நிகழ்வுகளை எல்எல்எம்மிடம் கொடுத்து, நிலையான செய்திகளை மட்டும் பிரித்துச் சுருக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அறையான உண்மை டேபிளில் யாரைப் பற்றி, எந்தப் பண்பு, மதிப்பு, தொடக்க நாள், முடிவு நாள், மூல நிகழ்வின் எண் ஆகியவை இருக்கட்டும். இந்த டேபிள் சிறியது. அந்தப் பயனரின் நடப்பு உண்மைகள் அனைத்தையும் ஒவ்வொரு முறையும் எல்எல்எம்முக்கு அனுப்பிவிடலாம்.

முகவரி மாறினால் பழைய வரியை அழிக்காமல் முடிவு நாளை மட்டும் நிரப்புங்கள். நேற்றைய சுருக்கத்தை இன்று மறுபடி சுருக்காதீர்கள். பத்து இரவில் "கடலை ஆகாது" என்பது "கடலை பற்றிப் பேசினார்" என்று தேய்ந்து நிற்கும். எப்போதும் மூல நிகழ்விலிருந்தே சுருக்குங்கள்.

ஏஜென்ட் இணையத்தில் படித்ததை ஒருபோதும் பயனர் சொன்னதாக உண்மை டேபிளில் ஏற்றக்கூடாது. யாரோ ஒரு பக்கத்தில் ஒளித்துவைத்த கட்டளை நிரந்தர நினைவாகிவிடும். "யார் சொன்னது" என்ற பத்தி இதற்காகத்தான்.

படி 4: மறத்தல்

60 நாள் கடந்து, முக்கியத்துவம் 4-க்குக் கீழே, சுருக்கியும் ஆயிற்று என மூன்றும் பொருந்தினால் அழியுங்கள். மூன்றாவதைச் சரிபார்க்காமல் அழித்தால், கிரான் ஓடாத நாளின் செய்திகள் சுவடில்லாமல் போகும்.

படி 5: சோதனை

தமிழில் பேசும் ஏஜென்ட் என்றால் எம்பெடிங் மாடலை முதலில் பரிசோதியுங்கள். "கடலை ஆகும்", "கடலை ஆகாது" இரண்டுக்கும் வெக்டர் ஏறத்தாழ ஒன்றாகவே வரக்கூடும். எனவே பொருத்தம் தேடித்தரும் வேலைக்கு மட்டும். ஆமா இல்லையா என்பதை வாக்கியத்தைப் படித்து எல்எல்எம்தான் முடிவு செய்யவேண்டும். பிறகு ஏஜென்டிடம் கடலை ஒவ்வாமையைச் சொல்லி, இரவு வேலையை ஒருமுறை ஓடவிட்டு, கணினிக் கடிகாரத்தை 30 நாள் முன்னே தள்ளி, அதே சாப்பாட்டு ஆர்டரைக் கொடுத்துப் பாருங்கள்.